பெரியமுத்து வெளுக்கப் பார்த்த பற்கள்

பெரியமுத்து உருட்டிய வெல்லத்தில் ஒன்றைக் கோவில்கடவுப் பாலத்திலிருந்து பாம்பாற்றில் போட்டால் அமராவதி அணை வரைக்கும் தண்ணீர் இனிக்கும். உடுமலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் நான் இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அணை வரைக்கும் என்பது கொஞ்சம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். பாலத்துக்குக் கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் உதட்டை நக்கிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதுவும் நான் மேலேயிருந்து கூவிச் சொன்ன பிறகு.

ஆனால் மறையூரில் பாகுக்குப் பதம் சொல்ல அவரை விட்டால் ஆளில்லை என்பதில் துளி கூட்டல் இல்லை. ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். கணக்கில் அவர் வாங்கிய மதிப்பெண்ணை இப்போது சொன்னால் மரியாதையாக இருக்காது. அப்பா தேனிப் பக்கத்திலிருந்து கரும்பு வெட்ட வந்தவர், ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். பையன் புத்தகத்தை வைத்துவிட்டு அடுப்புக்குச் சக்கை தள்ளப் போனான். தள்ளியவன் துடுப்புப் பிடித்தான், துடுப்புப் பிடித்தவன் பதம் பார்க்கிறவனானான். இதற்குள் அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வாழ்க்கை என்று கேட்டால் அவரிடம் சொல்ல இவ்வளவுதான் உண்டு, மகள் கதை தவிர.

அவர் வேலை செய்வது காளிச்சாமியின் ஆலையில். ஆலை என்றதும் புகைபோக்கியும் சங்குமாக எதையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். கரும்புக் காட்டுக்கு நடுவே காய்ந்த கரும்புச் சோகை வேய்ந்த ஒரு கொட்டகை. ஓரத்தில் சாறு பிழியும் இயந்திரம், நடுவில் அடுப்பு, அடுப்பின்மேல் எருமை படுத்துப் புரளுகிற அகலத்துக்கு ஒரு கொப்பரை. சாறு கொதிக்கும்போது சுண்ணாம்புத் தண்ணீர் தெளிப்பார்கள். அழுக்கெல்லாம் நுரையாக மேலே திரண்டு வரும். அதை வழித்து வழித்துக் கொட்டினால் சாறு தெளியும், குறுகும், பாகாகும். எப்போது இறக்குவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பெரியமுத்து துடுப்பின் நுனியிலிருந்து ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விடுவார். விரலால் திரட்டி முன்பல்லில் வைத்து ஒரு கடி. பல்லில் ஒட்டினால் இன்னும் கொதிக்கட்டும். மடக்கென்று உடைந்தால் இறக்கு.

இந்தக் கடியில் அவருடைய பற்கள் போன வேகத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் மனைவி சுருளியம்மாள் கடைவீதியில் நின்று சொல்லுவாள்: "எங்க வீட்டுக்காரரு வாயில பாதி கொப்பரையில கரைஞ்சிருச்சு டீச்சர். வாங்கிட்டுப் போனவன் அதையும் வெல்லத்தோட எடை போட்டுத்தான் வாங்கிட்டுப் போயிருக்கான்."

பதம் பார்த்துக் கடித்ததில் மிச்சமிருக்கும் பாதியைத் தன் வீட்டுப் பிள்ளையின் வாயில் வைப்பது ஆலைகளில் வழக்கம். கொப்பரையின் முதல் இனிப்பு பதக்காரனின் பிள்ளைக்கு. அதற்கு விலை கிடையாது, யாரும் பங்கு கேட்க மாட்டார்கள். பெரியமுத்துவுக்கு ஒரே மகள், ஆர்த்தி. தவழும் வயதிலிருந்து பள்ளிக்கூடம் முடிக்கும் வரை அவள் வாயில் அந்தப் பாதி விழுந்துகொண்டே இருந்தது. ஆலைப் பிள்ளைகளுக்குப் பால்பல் விழாது, கரையும் என்று நான் வகுப்பில் கேலி செய்ததுண்டு. ஆர்த்திக்கு அதன் பின் முளைத்த பற்களும் நிலைக்கவில்லை. மேல்வரிசையில் முன்னால் இருக்கும் இரண்டிலும் ஈறோரத்தில் பழுப்பாகக் குழி விழுந்தது.

அவள் விருந்தினர் விடுதி வேலைக்கான படிப்பை முடித்தாள். மூணாற்றில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது. முதலில் ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம். அவர்கள் தெருவில் வெயிலிலும் புகையிலும் நிற்காமல் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கப் போகிற முதல் பெண் அவள்தான். வேலைக்குப் போக நாலைந்து நாள் இருக்கும்போது, பச்சைத் தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறது என்று அழுதாள். பல் டாக்டரிடம் துணைக்குப் போனது நான்.

டாக்டர் அஞ்சு தொடுபுழைக்காரி, தமிழுக்கு நடுவே கேட்டோ, மோளே என்று மலையாளம் வந்து விழும். மறையூரில் சின்னதாக மருத்துவமனை வைத்திருக்கிறாள். விளக்கைத் திருப்பி இரண்டு பல்லையும் பார்த்தாள்.

"ரெண்டும் ரொம்ப ஆழம் ஆர்த்தி. இப்ப குடைஞ்சா நரம்புல தட்டும். பின்ன வேர் வரைக்கும் சிகிச்சை பண்ணணும், பல தடவை வரணும்."

"திங்கக்கிழமை வேலைல சேரணும் டாக்டர்."

"அப்ப முதல்ல சொத்தையை நிறுத்தலாம். வெள்ளி கலந்த மருந்து ஒண்ணு இருக்கு, ஒரு துளி போதும். சொத்தை அங்கேயே நிக்கும், மெத்துன்னு போன இடம் இறுகும். ஆனா சொத்தை உள்ள இடமெல்லாம் கறுப்பாகும், கேட்டோ. மை மாதிரி. அது போகாது."

"தேச்சாலுமா?" என்றேன் நான்.

"தேய்க்கவே கூடாது டீச்சர். அந்தக் கறுத்த தோல்தான் உள்ள இருக்கிற பல்லுக்குக் காவல்."

ஆர்த்தி நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தாள். "கறுப்புப் பல்லோடவா நான் ரிசப்ஷன்ல நிக்கிறது?"

"கொஞ்ச நாள்தான் மோளே. பல் அடங்கினதும், மேல பல் நிறத்துலயே அடைச்சுத் தர்றேன். கறுத்த இடத்து மேல பசை பிடிக்கிறது கொஞ்சம் கஷ்டம். மேலாக்க மெல்லிசா எடுத்து, நல்லாக் கழுவி, உலர வச்சு ஒட்டினா நிக்கும். கறுப்பு நிழலடிக்காம இருக்க அடியில ஒரு அடுக்கு வைக்கலாம். அதுவரைக்கும் மாஸ்க் போட்டுக்க."

"கறுக்காம இருக்க வழியே இல்லையா?" இதுவும் நான்தான். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"கூடவே இன்னொரு மருந்து போட்டா கறுப்பு குறையும்னு சொல்வாங்க. முழுசாப் போகும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பின்னால அடைப்பு ஒட்டுறதை அது கெடுக்குமா, கெடுக்காதான்னு படிச்சவங்களுக்குள்ளயே ரெண்டு பேச்சு இருக்கு. இவளுக்கு அடைப்பு ஒட்டணும். அதனால வேண்டாம்."

ஆர்த்தி சரி என்றாள். ஒரு துளிதான். நாக்கில் இரும்பை வைத்தாற்போல் இருந்தது என்று திரும்பி நடக்கும்போது சொன்னாள். மறுநாளே கூச்சம் போய்விட்டது. கறுப்பு வந்துவிட்டது. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு மூணாறு பஸ் ஏறினாள். வீட்டில் அம்மாவிடம் மட்டும் விவரம் சொல்லியிருந்தாள். அம்மா அப்பாவிடம், "மருந்துக்குக் கொஞ்சம் கறுக்குமாம்," என்று சொன்னாள். பெரியமுத்து அந்த நாலு நாளும் கொப்பரையை விட்டு நகர முடியாமல் இருந்தார். அவர் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

அவர் அந்தப் பல்லைப் பார்த்தது மகள் விடுமுறைக்கு வந்தபோது. சோற்றுக்கு உட்கார்ந்தவள் மாஸ்க்கைக் கழற்றினாள். பிசைந்த கை அப்படியே நின்றது அவருக்கு.

"ஏத்தா, என்ன இது?"

"மருந்துப்பா. சொத்தை நின்னுருச்சு. அடுத்த வாரம் டாக்டரம்மா மேல வெள்ளையா அடைச்சுருவாங்க."

"கறுப்ப உள்ள வச்சா அடைப்பாங்க?"

"ஆமாப்பா. அப்படித்தான்."

"கொப்பரையில அழுக்கு கிடந்தா அத அடைச்சு வச்சா வெல்லம் உருட்டுறோம்? மேல கொண்டாந்து வழிச்சுத்தானே எடுக்கறோம்?"

"இது கொப்பரை இல்லப்பா," என்றாள் ஆர்த்தி. சிரிக்கப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். சுருளியம்மாள் சொல்கிறாள், மகள் வாயை மூடிக்கொண்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லையாம்.

அன்று சாயங்காலமே விடுதி மேலாளர் போன் செய்தார். சீசன் தொடங்குகிறது, இனி மேசையில் நிற்கிறவர்கள் யாரும் மாஸ்க் போடக்கூடாது. முடியாது என்றால் இப்போதே சொல்லிவிட வேண்டும், வேறு ஆள் இருக்கிறது. ஆர்த்தி "முடியும் சார்" என்றாள். அடைப்புக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த நாளும் சீசன் தொடங்கும் நாளும் அடுத்தடுத்து இருந்தன. அந்த இரண்டு பல்லும் அன்றைக்குள் வெள்ளையாகாவிட்டால் வேலை இல்லை. வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் இது தெரிந்திருந்தது.

இங்கே ஒரு பவுடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெல்லத்தை வெளுக்கிற பவுடர் ஒன்று உண்டு. கறுத்த பாகில் ஒரு பிடி போட்டால் பொன் நிறத்துக்கு வந்துவிடும், பார்க்கிறவனுக்கு வாங்கத் தோன்றும். எங்கள் ஊர் வெல்லம் கறுப்பு. கறுப்பாக இருப்பதால்தான் அதைத் தேடி வருகிறார்கள், இதில் எதுவும் கலக்கவில்லை என்ற நம்பிக்கையில். ஒருமுறை கீழேயிருந்து வந்த ஒரு வியாபாரி அந்தப் பவுடரை ஒரு பொட்டலம் கொண்டுவந்து நீட்டினான். பெரியமுத்து பேசாமல் வாங்கி அப்படியே அடுப்பில் எறிந்தார். வியாபாரி சின்னார்ச் சோதனைச் சாவடி வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் ஓடினான் என்று நான் சொல்வது வழக்கம். பஸ்ஸில்தான் போனான். ஆனால் பொட்டலத்தை எறிந்தது உண்மை, காளிச்சாமியே பார்த்துக்கொண்டிருந்தார். "பெரியமுத்து இருக்கிற வரைக்கும் என் ஆலைக்குள்ள அது வராது," என்று வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

அந்தப் பெரியமுத்து மறுநாள் உடுமலை பஸ் ஏறினார். மத்தியானத்துக்குத் திரும்பிவிட்டார். மடியில் பொட்டலம்.

விடிந்ததும், அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், மகளை ஆலைக்குக் கூட்டிப்போனார். ஆள் வருகிற நேரம் இல்லை. பவுடரைச் சுண்ணாம்புத் தெளிவில் குழைத்தார்.

"டாக்டரம்மா தொடக்கூடாதுன்னாங்கப்பா."

"கறுக்க வைக்கத் தெரிஞ்சவங்களுக்கு வெளுக்க வைக்கத் தெரியல. அவங்க வேலை அவ்வளவுதான். உள்ள கறுப்பு கிடந்தா மேல ஒட்டுனது நிக்குமா? முப்பது வருசமா நான் பாகைத் தெளிய வைக்கிறேன். உன் ரெண்டு பல்லு எம்மாத்திரம்? கொஞ்சம் எரியும், பொறுத்துக்க தாயி."

அவளுக்கு நம்பிக்கை இருந்ததா என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "இருந்துச்சுன்னு சொல்ல முடியாது டீச்சர். எனக்கு அப்ப வெள்ளையானாப் போதும்," என்றாள்.

எரிந்தது. மூக்கில் ஏறுகிற நெடி அடித்தது. ஈறு வெளுத்து, பிறகு தோல் உரிந்து வந்தது. கறுப்பு அப்படியே இருந்தது. பாகில் மேலே வராத அழுக்கை அவர் என்ன செய்வாரோ அதையே செய்தார். வழித்தார். கரும்புச் சக்கையின் நாரை விரலில் சுற்றிக்கொண்டு, அந்தக் கறுத்த தோலை அழுத்தித் தேய்த்து எடுத்தார். ஒரு சுற்றுப் போனது. அடியில் பழுப்பு தெரிந்தது. "பாத்தியா, வருதுல்ல," என்றாராம். வந்தது அழுக்கல்ல, டாக்டர் சொன்ன காவல். உள்ளே இருந்தது திறந்துகொண்டது.

அடைப்பு வைக்கிற நாள் எனக்கு முட்டுவலி. அவளோடு போனது பெரியமுத்து. டாக்டர் அஞ்சு வாயைத் திறக்கச் சொன்னதும் விளக்கைக் கீழே இழுத்தாள்.

"ஈறு எப்படி வெந்துச்சு? என்ன போட்ட?"

"சூடா காப்பி குடிச்சிட்டேன் டாக்டர்."

"காப்பி பல்லையா சுரண்டும்? யாராவது ஏதாவது வச்சாங்களா, சொல்லு. மருந்து எதாவது பட்டிருந்தா நான் இப்ப ஒட்டக் கூடாது. பல்லைச் சும்மா விட்டுட்டு, ஆறினப்புறம்தான் ஒட்டணும்."

"இல்ல டாக்டர். காப்பிதான்."

பெரியமுத்து கதவோரத்தில் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். மறையூர் அவ்வளவு பெரிய ஊர் இல்லை. பதக்காரன் கையில் வெளுக்கிற பவுடர் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் அன்றோடு காளிச்சாமியின் வெல்லத்தை வாங்க ஆள் வராது. அந்தக் கொட்டகையை நம்பிப் பத்துக் குடும்பம் இருக்கிறது. பெரியமுத்துவுக்கு வேறு தொழிலும் தெரியாது. ஆர்த்தி இதையெல்லாம் அந்த நாற்காலியில் வாயைத் திறந்தபடியே யோசித்திருக்கிறாள்.

"ரெண்டு வாரம் தள்ளிப் போடலாம்," என்றாள் டாக்டர்.

"நாளைக்கு மேசையில நிக்கணும் டாக்டர். இல்லன்னா வேலை போயிரும்."

"இரத்தம் கசியற இடத்துல பசை பிடிக்காது மோளே. ஈரம் பட்டா போச்சு."

ஆர்த்தி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரும் சின்ன வயசுப் பெண்தான். தன்னால் முடிந்தவரை பஞ்சு வைத்து உலர்த்தி, ஒட்டி, நீல விளக்குக் காட்டி இறுக வைத்தாள். கண்ணாடியில் பார்த்தால் பல் பல்லாக இருந்தது. பெரியமுத்து கண்ணாடியைத் தானே வாங்கி மகளுக்குப் பிடித்துக் காட்டினார்.

ஒரு வாரம் நின்றது. அந்த வாரத்தில் ஆர்த்தி சிரித்தபடி நிற்கும் படம் ஒன்று அவள் அம்மாவின் போனில் இருக்கிறது. பிறகு ஒரு காலை, திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அறைச் சாவியைக் கொடுத்துக்கொண்டே பேசும்போது ஓர் அடைப்பு கழன்று மேசையில் விழுந்தது. சாவியோடு சேர்த்து அதையும் அந்தக் குடும்பத்து அம்மாள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, என்னவென்று புரிந்ததும் கீழே போட்டுவிட்டாள். இன்னொன்று அன்று சோற்றோடு போயிற்று.

மேலாளர் திட்டவில்லை. உள்ளே போய் இரு என்றார், அவ்வளவுதான். ஆர்த்தி வீட்டுக்குச் சொல்லவில்லை. பல் குத்தத் தொடங்கியதையும் சொல்லவில்லை. வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு மேல்மாடி அறைகளில் படுக்கை விரித்தாள். உதடு வீங்கியது, பிறகு கன்னம், பிறகு ஒரு கண் மூடிக்கொண்டது. கூட வேலை செய்த பெண் ஒருத்தி ஜீப் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். சீழ் கண்ணுக்குப் பின்னால் ஏறியிருந்தால் உயிருக்கே ஆபத்து என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பல்லையும் பிடுங்கினார்கள். நான் போய்ப் பார்த்தபோது அவள் தலையணையில் முகம் புதைத்துப் படுத்திருந்தாள். எப்போதும் ஏதாவது ஒரு கதையோடு போகிற நான் அன்று பழப் பையோடு மட்டும் போயிருந்தேன். ஆரஞ்சுப் பழத்தை உரித்து வைத்துவிட்டு வந்தேன்.

ஆறு மாதம் முடிந்தபோது மேசை வேலை வேறொருத்திக்குப் போயிற்று. ஆர்த்தியைப் படுக்கை விரிக்கும் வேலையிலேயே வைத்துக்கொண்டார்கள். போலிப் பல் கட்ட அளவு எடுப்பதற்காக அப்பாவும் மகளும் மறுபடி டாக்டர் அஞ்சுவிடம் போனார்கள். அன்றும் நான் இல்லை. டாக்டர் தன்னையே நொந்துகொண்டிருந்தாளாம்.

"சொத்தை நின்னுபோயிருந்தது. நான் கண்ணால பாத்தேன். திரும்ப எப்படித் தொடங்கிச்சு? நான் அன்னைக்கு ஒட்டியிருக்கக் கூடாது. என் தப்புதான் ஆர்த்தி."

அப்போது பெரியமுத்து ஓரடி முன்னால் வந்தார். முறுக்கிய துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "உங்க தப்பு இல்லம்மா. என் கையால பவுடரக் குழைச்சுப் போட்டேன். நாரால சுரண்டுனேன். ஆலை போனாலும் போகுது, காளிச்சாமி என்னைத் துரத்துனாலும் துரத்தட்டும். எம்மக வாயக் கெடுத்தது நான்," என்றார். டாக்டர் அளவெடுக்கும் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து அவருக்கு ஒரு நாற்காலி போட்டாள்.

இந்த இடம் வரைக்கும் எழுதி, போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். சுருளியம்மாள் பயறு உடைத்துக்கொண்டிருந்தாள். ஆர்த்தி மூணாற்றில். பெரியமுத்து சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார். பாம்பாறு இனித்த இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. கடைசி வரியைப் படித்து முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"டீச்சர், அந்த நாற்காலி சமாச்சாரம் இல்ல. நான் அங்க ஒண்ணும் பேசல. ஆர்த்திதான் சொன்னா. போன்ல ஏதோ வீடியோ பாத்து நானே ஒரு பவுடர வச்சுத் தேச்சேன் டாக்டர்னு சொன்னா. அந்தம்மா அவளத் திட்டுனாங்க. படிச்ச பொண்ணுதானே, புத்தி இல்லையான்னு கேட்டாங்க. அவ தலையாட்டுனா. நான் பக்கத்துலதான் நின்னேன்."